கடுங்குளிர்ப் பகுதிகளில் படைவீரர் ஊட்டச்சத்து

கடுங்குளிர்ப் பகுதிகளில் படைவீரர் ஊட்டச்சத்து என்பது உறைநிலைக்குக் கீழான வெப்பநிலையில் பயிற்சியிலோ காவற்பணியிலோ ஈடுபடும் வீரர்களின் உணவு, நீர்த் தேவைகளையும் அவற்றை நிறைவு செய்யும் முறைகளையும் குறிக்கும். இந்தியாவில் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு சியாச்சின் பனியாறு ஆகும். 1984 ஏப்ரல் 13 அன்று தொடங்கிய மேகதூது நடவடிக்கைக்குப் பின்னர் இந்தியத் தரைப்படை அங்கு ஆண்டு முழுவதும் நிலைகொண்டுள்ளது. காவல் நிலைகள் பல 5,000 மீட்டருக்கு மேல் அமைந்துள்ளன. குளிர்காலத்தில் வெப்பநிலை −50 பாகை செல்சியசு வரை தாழ்வதுண்டு. இங்கு எதிரியின் குண்டுகளால் இறந்தவர்களை விடக் காலநிலையாலும் நிலப்பரப்பாலும் இறந்தவர்களே மிகுதி.

தமிழகத்துக்கும் இப்பணியில் பங்குண்டு. 2016 பெப்ரவரி 3 அன்று சோனம் காவல் நிலையைப் பனிச்சரிவு மூடியபோது சிக்கிய பத்து வீரர்களும் மதராசு படைப்பிரிவின் 19-ஆவது அணியைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் நால்வர் தமிழகத்தவர்.

ஆற்றல் தேவை

உடலுழைப்புக் குறைந்த வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,100 கிலோ கலோரி போதுமானது. பனியில் சுமையுடன் ஏறும் வீரருக்கு அதைப் போல இரு மடங்கு தேவைப்படலாம். அமெரிக்கத் தரைப்படையின் குளிர்ப்பகுதி உணவுப் பொதிகள் ஏறத்தாழ 4,500 கிலோ கலோரியை அளிக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. இக்கூடுதல் தேவைக்கான காரணங்கள் வருமாறு:

- தடித்த உடை, காலணி ஆகியவற்றின் எடை ஒவ்வொரு அடியிலும் உழைப்பைக் கூட்டுகிறது.
- மென்பனியில் கால் புதைவதால் நடையின் செலவு பெருகுகிறது.
- உடல் நடுங்கும்போது தசைகள் வெப்பத்துக்காகவே ஆற்றலை எரிக்கின்றன.

தேவை கூடும் அதே இடத்தில் பசி குறைகிறது என்பதே இதிலுள்ள முதன்மையான சிக்கல் ஆகும். உயரம் கூடக் காற்றழுத்தம் குறைந்து, மூச்சில் கிடைக்கும் ஆக்சிசனும் குறைகிறது. இதனால் பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை ஆகியன தோன்றுகின்றன. 5,000 மீட்டருக்கு மேல் நெடுநாள் தங்குவோரின் உடல் எடை குறைவது பொதுவாகக் காணப்படுவதாகும். கொழுப்பு மட்டுமன்றித் தசையும் கரைகிறது. உணவு குறைந்த உடல் வெப்பத்தைக் காக்க இயலாது தளர்வதால் பனிக்கடி, உடல் வெப்பக் குறைவு ஆகியவற்றின் இடரும் கூடுகிறது.

மாவுச்சத்தும் கொழுப்பும்

ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரியும், ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோ கலோரியும் தருகின்றன. சுமந்து செல்லும் எடையைக் கருதினால் கொழுப்பே சிக்கனமானது. ஆயினும் ஒரு லிட்டர் ஆக்சிசனைக் கொண்டு மாவுச்சத்திலிருந்து ஏறத்தாழ 5.0 கிலோ கலோரியும், கொழுப்பிலிருந்து ஏறத்தாழ 4.7 கிலோ கலோரியும் பெறப்படுகின்றன. ஆக்சிசன் அரிதான உயரங்களில் இச்சிறு வேறுபாடும் பொருட்படுத்தத் தக்கதே. மேலும் கடும் உழைப்பிலும் நடுக்கத்திலும் தசைகளில் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் விரைவில் தீர்கிறது. எனவே சர்க்கரை, சாக்லேட், உலர்பழங்கள், இனிப்புத் தேநீர் போன்றவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி உட்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. கொழுப்பு மிகுந்த உணவு தாழ்ந்த உயரமுள்ள குளிர்ப் பகுதிகளுக்கு மிகவும் பொருந்துகிறது.

நீர்

வறண்ட குளிர்காற்றைச் சுவாசிப்பதால் மூச்சின் வழியே நீர் இழக்கப்படுகிறது. குளிரில் சிறுநீரும் மிகுதியாகப் பிரிகிறது. ஆனால் தாகம் அந்த அளவுக்கு எடுப்பதில்லை. பனியை அப்படியே தின்பது தீர்வாகாது. −10 பாகையிலுள்ள ஒரு கிலோ பனியை உருக்கி 37 பாகைக்குக் கொண்டுவர உடல் ஏறத்தாழ 120 கிலோ கலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். ஆகவே பனியை அடுப்பில் உருக்கியே குடிக்க வேண்டியுள்ளது. இக்காரணத்தால் மண்ணெண்ணெய் வழங்கல் தடைப்பட்டால் குடிநீரும் தடைப்படும்.

சமைத்தலும் வழங்கலும்

ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 பாகை குறைகிறது. 5,400 மீட்டரில் நீர் ஏறத்தாழ 82 பாகையிலேயே கொதித்துவிடும். அந்த வெப்பத்தில் அரிசியும் பருப்பும் எளிதில் வேகா. பிரஷர் குக்கர் இல்லாமல் சோறு ஆக்குவது அங்கு அரிது. முட்டையும் ஆரஞ்சும் கல்போல் உறைந்துவிடுகின்றன. உயர்நிலைகளுக்குப் பொருட்கள் பெரும்பாலும் உலங்கு வானூர்தி மூலமே சேர்கின்றன. வானிலை கெட்டால் பல நாட்கள் அதுவும் வராது.

1962 சீன-இந்தியப் போரில் நம்கா சூ பகுதியில் இருந்த வீரர்கள் போதிய குளிருடையும் உணவும் இன்றித் தவித்தனர். வானிலிருந்து போடப்பட்ட பொதிகள் பல கைக்குக் கிட்டவில்லை. போருக்கு முந்தைய ஆண்டான 1961-இல் மைசூரில் தொடங்கப்பட்டிருந்த பாதுகாப்பு உணவு ஆய்வகம், பின்னாளில் நீண்ட நாள் கெடாத சப்பாத்தி, நீர் நீக்கிய உணவுகள், சூடாக்கினால் போதுமான உறையிட்ட ஆயத்த உணவுகள் முதலியவற்றை உருவாக்கியது. லே நகரிலுள்ள உயர்மலை ஆய்வு நிறுவனம் அப்பகுதியில் காய்கறி வளர்க்கும் முறைகளை வகுத்ததால், புத்துணவுக்காகச் சமவெளியை மட்டுமே நம்பியிருக்கும் நிலை குறைந்தது.

பயிற்சியும் இணக்கமும்

உயரமான இடங்களுக்குச் செல்லும் வீரர்கள் மூன்று கட்டங்களாக உடலைப் பழக்குகின்றனர். ஏறத்தாழ 2,700 மீட்டர் முதல் 3,600 மீட்டர் வரை ஆறு நாட்கள், அதற்கு மேல் 4,500 மீட்டர் வரை நான்கு நாட்கள், அதற்கும் மேல் நான்கு நாட்கள் என மொத்தம் 14 நாட்கள் ஆகும். 1948-இல் குல்மார்க்கில் தொடங்கப்பட்ட உயர்மலைப் போர்ப் பள்ளி பனிப்போர்ப் பயிற்சியை அளிக்கிறது. சியாச்சின் செல்வோருக்கு அடிவாரத்திலும் தனிப் பயிற்சி உண்டு. இக்காலத்தில் படிப்படியாக ஏறுவதால் பசியின்மையின் கடுமை தணிகிறது.

தணிக்கை அறிக்கை

2020 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, உயர்மலை வீரர்களுக்கான சிறப்பு உணவு குறித்துக் குறைகளைச் சுட்டியது. குறித்த பொருள் கிடைக்காதபோது மாற்றுப் பொருள் விலைக்கு விலை என்ற அடிப்படையில் வழங்கப்பட்டதால், சில நேர்வுகளில் கலோரி அளவு 82 விழுக்காடு வரை குறைந்தது என அது கூறியது. இதன் கணக்கு எளியது. மாற்றுப் பொருளின் விலை நான்கு மடங்கானால், அதே பணத்துக்குக் கிடைக்கும் அளவு நான்கில் ஒன்றாகிவிடும். கணக்கேட்டில் செலவு சரியாகவே இருக்கும். வீரரின் தட்டில் உணவு குறைந்திருக்கும். அறிக்கை முந்தைய ஆண்டுகளைச் சார்ந்தது என்று தரைப்படை விளக்கமளித்தது. உணவுப் பங்கீட்டை விலையால் அன்றி ஆற்றல் அளவால் ஒப்பிட வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

பிற நாடுகளில்

1911-12-இல் தென்துருவம் சென்ற இசுக்காட்டு குழுவினரின் உணவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி கொண்டிருந்தும் சறுக்குவண்டி இழுக்கும் உழைப்புக்குப் போதவில்லை. 1992-93-இல் அண்டார்க்டிக்காவை நடந்து கடந்த ரனுல்ப் பையன்சு, மைக் இசுட்ரவுடு ஆகிய இருவரும் அதனினும் மிகுதியாக உண்டும் தலா 20 கிலோகிராமுக்கு மேல் எடை இழந்தனர்.

இவற்றையும் பார்க்கவும்

- சியாச்சின் பனியாறு
- மதராசு படைப்பிரிவு
- பனிக்கடி
- உயர்மலை நோய்