பேகன் கொடுத்த போர்வை

கடையெழு வள்ளல்கள்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. பாரி முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். வாத்தியார் அதோட நிப்பாட்டிருவாரு. மயிலு போர்வைய எப்படிப் போத்தும்னு கேட்டா பிரம்புதான் பேசும்.

ஆனா அந்தக் கேள்விய முதல்ல கேட்டது நாம இல்ல. பாடின பரணரே கேட்டிருக்காரு. பேகன் பழனி மலைப்பக்கம் இருந்த ஆவியர் குடித் தலைவன். உ.வே.சாமிநாதையர் 1894-ல் அச்சிட்ட புறநானூற்றுல 141-லிருந்து 147 வரைக்கும் ஏழு பாட்டும் அவனைப் பத்தினதுதான். 141-ல, மயில் உடுத்தாது, போத்தாதுன்னு தெரிஞ்சேதான் கொடுத்தான்கிறார் பரணர். 145-ல அதே பரணர், மயிலு குளிர்ல நடுங்குமேன்னு இரக்கப்பட்டுக் கொடுத்தான்கிறார். ஒரே ஆளு ரெண்டு விதமாச் சொல்றாரு. எனக்கு 145-தான் நம்பும்படியா இருக்கு. ஏன்னா மயில் நெசமாவே நடுங்கும். தோகைய விரிச்சுக்கிட்டு ஆண் மயில் நிக்கிறதப் பின்னாடியிருந்து பாருங்க. நொடிக்கு 25 தடவை போல அந்த இறகெல்லாம் அதிரும், சலசலன்னு சத்தம் கேக்கும். குளிர் இல்ல அது, பெட்டையக் கூப்பிடுறது. மழைமேகம் இறங்கின மலைச்சாரல்ல அதப் பாக்குற மனுசனுக்கு நடுக்கமாத்தான் தெரியும்.

மத்தபடி மயிலுக்குப் போர்வை தேவையில்ல. இமயமலை அடிவாரம் வரைக்கும் வாழுற பறவை அது. அந்தக் குளிருக்கு முன்னால நம்ம கோவில்பட்டி மார்கழிப் பனி ஒண்ணுமே இல்ல. ராத்திரி உசந்த மரத்துல ஏறி அடையும். தோகை நனைஞ்சா பறக்கத்தான் சிரமப்படும், வெயில் ஏறினா காஞ்சிரும். பாவம்னு தூக்கிட்டு வந்து தொழுவத்துல கூடை போட்டுக் கவிழ்த்தா, பயத்துலயே அரைப்பிராணன் போயிரும். அந்த நேரத்துல நாயக் கட்டிப் போட்டா போதும்.

சட்டமும் விடாது. 1963-ல தேசியப் பறவையாச்சு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. பிடிச்சு வச்சிருந்தா குற்றம். அடிபட்டது கைக்கு வந்தா 48 மணி நேரத்துக்குள்ள போலீசுக்கோ வனத்துறைக்கோ சொல்லிரணும்.

எங்க கரிசக்காட்டுல மயிலுக்கு வேற போர்வை கிடைச்சிருச்சு, சீமைக்கருவேலம். தரிசாப் போன புஞ்சை, கண்மாய்க்கரை எல்லாம் அது மண்டிக் கிடக்கு. நரியும் குறைஞ்சு போச்சு. அதனாலதான் மயில் இவ்வளவு பெருகிருச்சுங்கிறது எங்க கணக்கு. புரட்டாசியில விதைச்ச அன்னைக்கே கிளறித் தின்னுது. மார்கழியில உளுந்தும் பாசியும் காய் பிடிக்கையில கருக்கல்லயே வந்து கொத்தும். கழுகுமலை முருகனைக் கும்பிடுற ஊருல அவரு வாகனத்தக் கல்லால அடிக்க யாருக்கும் கை வராது. வீட்டுப் பழைய சேலைகள எடுத்து புஞ்சையச் சுத்திக் கட்டுறோம். நாலு நாள் மிரளும், அஞ்சாம் நாள் சேலைக்கு அடியில நுழைஞ்சு வரும்.

அந்த ஏழு பாட்டுல எனக்குப் பெரிசாப் படுறது வேற. வாத்தியார் சொல்லாம விட்டது. பேகன் தன் மனைவி கண்ணகியத் தள்ளி வச்சிருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் நாலு பேரும் அவளுக்காக அவன்கிட்டப் போய்ப் பாடினாங்க. 145-ல பரணர் பேச்சு எப்படின்னா, மயிலுக்கே இரங்கினவனே, நாங்க பசிச்சு வரல, எங்களுக்குச் சுமக்கக் குடும்பமும் இல்ல, இன்னிக்கு ராத்திரியே தேரேறிப் போய் அவ துயரத்தத் தீரு, அதுதான் நாங்க கேக்குற பரிசில், இப்படிப் போகுது. புகழ்றது போலவே குத்திக் காட்டுறாரு.

மயில ஏன் விரட்டுறீங்க, பாவமில்லயான்னு மெட்ராஸ்ல இருக்குற சொந்தக்காரங்க போன்ல கேக்குறப்ப இந்தப் பாட்டுதான் ஞாபகம் வரும். பேகன் கொடுத்தது அவன் போர்வை. இங்க கொடுக்கிறது ரெண்டு ஏக்கர் மானாவாரிக்காரன் உளுந்து. விடியுமுன்னே பனியில, தலையில துண்டக் கட்டிக்கிட்டு, தகர டப்பாவத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறவனும் நடுங்கத்தான் செய்றான்.