முதுகு ஊசி முதலில் யாருக்குப் பிடிக்கவில்லை?



போன மாதம் என் தம்பி மகளுக்குச் சிசேரியன். முதுகில் போட்ட ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. கத்தி வைக்கும் முன் சோதித்தபோதே வலி தெரிந்ததால், முழு மயக்கம் கொடுத்துக் குழந்தையை எடுத்தார்கள். தாயும் சேயும் நலம். ஆனால் வீட்டில் "டாக்டருக்கு ஊசி போடத் தெரியவில்லை" என்று ஒரே பேச்சு. அவளோ தன் உடம்பில்தான் கோளாறு என்று அழுகிறாள். அவளுக்காகவே இந்தப் பழைய கதை.

ஜெர்மனியில் கீல் என்றொரு துறைமுக நகரம். அங்கே ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், 1898 ஆகஸ்ட் 16 அன்று, கணுக்காலில் காசநோய் கண்ட ஒரு தொழிலாளியின் முதுகுத்தண்டு நீரில் கோகெய்ன் செலுத்தி, வலியில்லாமல் அறுவை செய்தார். அடுத்தடுத்துச் சிலருக்கும் செய்தார். சிலருக்குப் பின்னால் தலைவலியும் வாந்தியும் வந்தன. காரணம் அறிய, ஆகஸ்ட் 24 அன்று தன் முதுகையே உதவியாளர் ஹில்டெபிராண்டிடம் காட்டினார். (நாமாக இருந்தால் காட்டுவோமா?)

ஊசி சரியான இடத்துக்குத்தான் போனது. ஆனால் மருந்துக்குழல் அந்த ஊசியோடு பொருந்தவில்லை! தண்டு நீர் வழிந்தது, கோகெய்னும் வெளியே சிந்தியது. மரத்துப் போகவே இல்லை. இந்த முறையைக் கொண்டுவந்தவருக்கே ஊசி பிடிக்கவில்லை.

உடனே ஹில்டெபிராண்ட் தன் முதுகைக் காட்டினார். அவருக்கு 5 மில்லிகிராம் கோகெய்ன் போதுமானதாக இருந்தது. காலில் ஊசியால் குத்தினார்கள், எரியும் சுருட்டை வைத்தார்கள், முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்தார்கள். வலிக்கவில்லை. அப்புறம் இருவரும் சாப்பிட்டு, மதுவும் அருந்திப் படுத்தார்கள். மறுநாளிலிருந்து தலைவலி. பியர் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார்.

இன்றும் அந்த இணைப்பில் மருந்து கசியலாம். ஊசி முனையின் துளை பாதி உள்ளே, பாதி வெளியே நின்றுவிடலாம். உள்ளே போன மருந்தும் வேண்டிய உயரத்துக்குப் பரவாமல் போகலாம். லண்டனில் ஆர்தர் பார்க்கர் 1907இல் மருந்தோடு குளுக்கோஸ் சேர்த்து அதைக் கனமாக்கினார். முதுகெலும்பைப் போல வளைந்த கண்ணாடிக் குழாயில் அது எங்கே இறங்கித் தங்குகிறது என்றும் காட்டினார். சர்க்கரைப் பாகைத் தண்ணீரில் விட்டால் அடியில் இறங்குமே, அதே கதைதான். நோயாளியை எப்படிப் படுக்க வைக்கிறார்கள் என்பது அதனால்தான் முக்கியம். உடம்பே மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது மிக மிக அபூர்வம்.

ஆகவே, கண்ணு, கோளாறு உன் உடம்பில் என்று நினைக்காதே. சோதித்துப் பார்க்காமல் கத்தி வைக்காத அந்த டாக்டரையும் திட்டாதீர்கள். அடுத்த பிரசவத்தின்போது, முதல் முறை ஊசி பிடிக்கவில்லை என்பதை மட்டும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.