பாவற்காயில் ஒரு புழு

வெப்ப நாட்டில் வாழ்பவர்க்குக் காயிலே புழு காண்பது புதுமையன்று. அரிந்த பாவற்காயினுள் வெண்புழு நெளியக் கண்டால், பழுதான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சியதைச் சட்டியிலிடுகிறோம். கீரையை உப்பு நீரில் அலசுகிறோம். இவை வேண்டியவையே. ஆயினும் புழுவின் வரலாறு அடுக்களையில் தொடங்குவதுமில்லை, அங்கே முடிவதுமில்லை.

அழுகலிலிருந்து புழு தானே தோன்றுகிறது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். இத்தாலிய மருத்துவர் பிரான்சிஸ்கோ ரெடி, இறைச்சியிட்ட கலங்களுட் சிலவற்றை மூடியும் சிலவற்றைத் திறந்தும் வைத்துச் செய்த பரிசோதனையை 1668இல் வெளியிட்டார். ஈ அணுக இயலாத இறைச்சியிற் புழு தோன்றவில்லை. எனினும், பழத்திலுள்ள புழுவை மரத்தின் உயிராற்றலே பிறப்பிக்கிறது என்ற எண்ணத்தை அவராலும் விட முடியவில்லை. பழைய நம்பிக்கை அறிஞரையும் எளிதில் விடுவதில்லை.

உண்மையில் நிகழ்வது வேறு. பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. பொரித்த புழு சதையைத் தின்று வளர்ந்து, மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகிப் பின் ஈயாக வெளிவருகிறது. மேலே தெளிக்கும் நஞ்சு காயினுள் இருக்கும் புழுவை எளிதில் எட்டாது. ஒருவர் தம் தோட்டத்தைத் துப்புரவாக வைத்திருந்தாலும், அயல் தோட்டத்து ஈ வேலியைப் பொருட்படுத்துவதில்லை.

இந்த ஈயை ஒரு நிலப்பரப்பிலிருந்தே அகற்றிய வரலாறு யப்பானின் தெற்கிலுள்ள ஒக்கினாவாத் தீவுகளுக்கு உரியது. பாவற்காய் அம்மக்களின் அன்றாட உணவு. 1919இல் யயேயாமாத் தீவுகளிற் காணப்பட்ட ஈ, 1929இல் மியாக்கோவையும், 1970இல் குமேத் தீவையும், 1972இல் ஒக்கினாவாப் பெருந்தீவையும் அடைந்தது. ஈ பரவிய தீவுகளின் காய்களை யப்பானின் பெருநிலச் சந்தைக்கு அனுப்பத் தடை இருந்தது. புழுவின் சுமை விவசாயியின் வயிற்றில் விழுந்தது.

அமெரிக்க ஆட்சி நீங்கி ஒக்கினாவா யப்பானுடன் மீண்டும் இணைந்த 1972ஆம் ஆண்டிலேயே ஈயை ஒழிக்கும் அரசுத் திட்டமும் தொடங்கிற்று. ஆண் ஈக்களைக் கவரும் மருந்தால் முதலில் அவற்றின் தொகை குறைக்கப்பட்டது. பின்னர், ஆலையில் வளர்த்துக் கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்கள் வெளியிற் பறக்கவிடப்பட்டன. மலட்டு ஆணுடன் கூடிய பெண் ஈயின் முட்டை பொரிப்பதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை இனம் அருகிற்று. 1975இல் மலட்டு ஈக்களை விடத் தொடங்கிய குமேத் தீவு 1978இல் விடுபட்டது. 1993இல் ஒக்கினாவா முழுவதும் விடுபட்டது. அதற்காக வளர்த்து விடப்பட்ட ஈக்கள் 5000 கோடிக்கும் அதிகம்.

ஆய்வாளரின் அறிவும், பொதுப்பணமும், இருபதாண்டுப் பொறுமையும் ஒன்றுசேர்ந்து பெற்ற வெற்றி இது. தனியொரு விவசாயி எத்தனை போத்தல் கிருமிநாசினி வாங்கினாலும் இதைச் சாதித்திருக்க இயலாது.

அதே ஈ நம் இலங்கைத் தோட்டங்களிலும் வாழ்கிறது. பிஞ்சைக் கடதாசியாற் சுற்றுவதும், புழுப்பட்ட காயைப் பொறுக்கி ஆழப் புதைப்பதும் எளிய வழிகள். ஒரு வீட்டார் மட்டும் செய்தால் அவற்றின் பயன் சிறிது. ஊரே செய்தால் பெரிது. நஞ்சு விற்பவனுக்கு நாம் தனித்தனியாக நிற்பதே ஆதாயம். ஈக்கு வேலியில்லை என்பதை உணர்ந்தவர்கள், அதை எதிர்ப்பதிலும் வேலிகளைக் கடந்தே ஒன்றுசேர வேண்டும்.