கறுப்பும் வெள்ளையும் பாவிய தரை

லாட்ஜ் என்னும் சொல் நமக்கு வெளியூரில் தங்கும் விடுதியையே நினைவூட்டும். ஃப்ரீமேசன் சங்கத்தாருக்கோ அது அவர்தம் கிளையையும், அது கூடும் மன்றத்தையும் குறிப்பது. அம்மன்றங்களின் நடுவே தரையில், சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் பாவப்பட்டிருக்கும். கல்லில் இயலாத இடத்தில் விரிப்பிலேனும் அவ்வடிவம் இருக்கும்.

இதன் பொருள் என்ன? நன்மையும் தீமையும் விரவிக் கிடக்கும் மனித வாழ்வே இத்தரை என்கிறது, அமெரிக்கரான தாமஸ் ஸ்மித் வெப் 1797இல் வெளியிட்ட கையேடு. பகலும் இரவும், இன்பமும் துன்பமும் என்று பின்னர் உரைகள் பெருகின. எந்தக் கட்டத்தில் கால் பட்டாலும் நடை பிறழாதிருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

சாலமோன் அரசன் எருசலேமில் கட்டிய ஆலயத்தின் தரையே இது என்பது சங்கத்தாரின் மரபு. விவிலியத்தைத் திறந்தால் கதை வேறாக இருக்கிறது. இராஜாக்களின் முதல் நூல், ஆறாம் அதிகாரம் கூறும் ஆலயத் தரை மரப்பலகையால் ஆனது. அதன்மேல் பொன் வேய்ந்திருந்தது. கறுப்புக்கு அங்கே இடமே இல்லை. சாமுவேல் பிரிச்சர்ட் 1730இல் சங்கத்தின் மறைகளை அம்பலப்படுத்தி வெளியிட்ட நூலில் இத்தரை 'மொசைக்' தளம் என்றே வருகிறது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு 'மோசேக்கு உரியது' என்றும் பொருள் உண்டு. அந்த ஒலி ஒப்புமையைப் பற்றிக்கொண்டு தரையை மோசேயோடு முடிச்சிட்டவர்களும் இருந்தார்கள். நம் வீடுகளில் மொசைக் தரை போட்ட கொத்தனார்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

உண்மையில் தொடக்க காலக் கிளைகள் கூடியது மதுக்கடை மாடிகளில். 1717இல் லண்டனில் தலைமைச் சங்கம் அமைந்ததாக மரபு வரலாறு கூறும் இடமும் ஒரு மதுக்கடையே. சடங்குக்கு வேண்டிய சின்னங்களைச் சுண்ணக்கட்டியாலும் கரியாலும் தரையில் வரைவார்கள். சடங்கு முடிந்ததும் கழுவித் துடைத்துவிடுவார்கள். பின்னர் அது துணியாயிற்று, பலகையாயிற்று. வசதி பெருகிச் சொந்த மண்டபங்கள் எழுந்தபோது பளிங்குக் கட்டங்கள் நிலைத்தன. அத்தகைய கட்டத் தரை பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியச் செல்வர் மாளிகைகளில் வழக்கத்தில் இருந்ததுதான். இருந்த அழகின்மீது பிற்காலத்தார் தம் கருத்தை ஏற்றினார்கள் என்றே நான் கொள்கிறேன். தண்டியலங்காரம் பயின்றவர்க்குத் தற்குறிப்பேற்றம் புதிதன்று.

ஏற்றிய குறிப்புக்கு ஏற்றவர்கள் உண்மையாக இருந்தார்களா என்பதே என் கேள்வி. மட்டம் பார்க்கும் கருவியைச் சமத்துவத்தின் சின்னமாகக் கொண்ட சங்கம் இது. பாஸ்டன் நகரில் வாழ்ந்த கறுப்பினத்தவர் பிரின்ஸ் ஹால். (பிரின்ஸ் என்பது இங்கே பட்டமன்று, பெயரே.) அவரும் தோழர்களும் தமக்கென ஒரு கிளை அமைக்க 1784இல் லண்டன் தலைமைச் சங்கம் பட்டயம் வழங்கியது. அமெரிக்க வெள்ளையர் சங்கங்களோ அவ்வழி வந்தவர்களை உடன்பிறப்பாக ஏற்க மறுத்தன. இரு சாராரின் மன்றங்களிலும் தரைச் சின்னம் ஒன்றே. ஒருவர் தரையில் மற்றவர் கால் வைக்க இயலவில்லை. வெள்ளை நன்மை, கறுப்பு தீமை என்று தரைக்கு உரை சொன்னவர்களுக்கு இது உறுத்தாமல் போனதில் வியப்பில்லைதான்.

கனெக்டிகட் மாநிலச் சங்கம் 1989இல் முதலில் இறங்கிவந்தது; பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. 2000ஆம் ஆண்டு கடந்த பின்னும் அந்த அங்கீகாரத்தை வழங்காத தென் மாநிலச் சங்கங்கள் இருந்தன.