தலையணைக்கு அடியில் 10,000 டாலர்

ஹ்யூ ஃபுல்லர்டன் சிக்காகோவில் பேஸ்பால் நிருபர். மற்றவர்கள் மைதானத்தில் நடந்ததை எழுதினால், இவர் நடக்கப்போவதை எழுதுவார். ஜோசியம் இல்லை, கணக்கு! இரண்டு டீம் ஆட்டக்காரர்களையும் ஒருவருக்கு ஒருவர் ஒப்பிட்டு, மார்க் போட்டு, கூட்டிக் கழித்து 'இவன்தான் ஜெயிப்பான்' என்பார்.

1906 வேர்ல்ட் சீரிஸில் (பெயர்தான் வேர்ல்ட், ஆடியதெல்லாம் அமெரிக்க டீம்கள்!) சிக்காகோ கப்ஸும் சிக்காகோ ஒயிட் சாக்ஸும் மோதின. கப்ஸ் அந்த சீசனில் 116 ஆட்டம் ஜெயித்த அசுர டீம். ஒயிட் சாக்ஸின் பேட்டிங் சராசரியோ .230. அந்த லீகிலேயே கடைசி. ஃபுல்லர்டன் கணக்குப் போட்டு, ஒயிட் சாக்ஸ்தான் ஜெயிக்கும் என்றார். ஆசாமிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தோ என்னவோ, பத்திரிகை அதை அச்சிடவே தயங்கியது. ஒயிட் சாக்ஸ் 4-2 என்று ஜெயித்தது. அப்புறமென்ன, பல ஊர்ப் பத்திரிகைகளில் அவர் கணக்கு வர ஆரம்பித்தது.

1919. மறுபடி ஒயிட் சாக்ஸ். எதிரே சின்சினாட்டி ரெட்ஸ். எடி சிகாட் என்ற பிட்சர் (நம்ம கிரிக்கெட் பவுலர் மாதிரி) அந்த வருஷம் 29 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்திருந்தார். இன்னொரு பிட்சர் லெஃப்டி வில்லியம்ஸ், 23. பேட்டிங்கில் ஜோ ஜாக்சன், சராசரி .351. ஃபுல்லர்டன் இந்த முறையும் ஒயிட் சாக்ஸ் பக்கம்தான். பந்தயக்காரர்களும் அப்படியே. சீசன் முழுக்க அதிகம் ஜெயித்தது ரெட்ஸ்தான், 96-க்கு 88. அதை யார் பார்த்தார்கள்?

ஆட்டம் நெருங்க நெருங்க, ஒரு விநோதம். பணம் திடீரென்று ரெட்ஸ் மீது கொட்ட ஆரம்பித்தது.

அக்டோபர் 1. சிகாட் போட்ட இரண்டாவது பந்து எதிராளியின் முதுகைப் பதம் பார்த்தது. கை தவறவில்லை. 'டீல் ஓகே' என்று சூதாடிகளுக்கு அவர் காட்டிய சிக்னல் அது! முந்தின ராத்திரியே அவர் தலையணைக்கு அடியில் 10,000 டாலர் வந்து சேர்ந்திருந்தது. ஒயிட் சாக்ஸ் 9-1 என்று மண்ணைக் கவ்வியது.

ஃபுல்லர்டனுக்குப் பொறி தட்டியது. பழைய பிட்சிங் மன்னன் கிறிஸ்டி மேத்யூசனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சந்தேகமான ஒவ்வொரு ஆட்டத் தவறையும் ஸ்கோர் அட்டையில் வட்டமிட்டார். வில்லியம்ஸ் போட்ட மூன்று ஆட்டமும் தோல்வி. சதியில் சேராத புதுப் பையன் டிக்கி கெர் மட்டும் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். ரெட்ஸ் 5-3.

டிசம்பரில் ஃபுல்லர்டன் விஷயத்தைப் போட்டு உடைத்தபோது, பேஸ்பால் உலகம் விசாரிக்கவில்லை. அவரைத்தான் திட்டியது! 1920 செப்டம்பரில் சிகாட்டும் ஜாக்சனும் கிராண்ட் ஜூரியிடம் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் 1921 ஆகஸ்ட்டில் கோர்ட் எல்லோரையும் விடுதலை செய்தது. மறுநாளே கமிஷனர் லாண்டிஸ் எட்டு பேருக்கு ஆயுள் தடை விதித்தார்.

என்னைக் கேட்டால், ஃபுல்லர்டன் கணக்கில் பிழையே இல்லை. சிகாட்டால் என்ன முடியும் என்பதை அந்த 29 சொன்னது. தலையணைக்கு அடியில் இருப்பதை எந்த சராசரியும் சொல்லாதே!

ஜாக்சன் விஷயம் இன்னும் குழப்பம். 5,000 டாலர் வாங்கியதை ஒப்புக்கொண்டவர், அந்த சீரிஸில் .375 அடித்திருக்கிறார். 12 ஹிட். ஃபீல்டிங்கில் ஒரு தப்பு இல்லை. மனுஷன் யோக்கியம்தான் என்கிறார்கள் ரசிகர்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், முதல் ஐந்து ஆட்டத்தில் அவர் அடியால் ஒரு ரன்கூட டீமுக்கு வரவில்லை. ஆறும் கடைசி மூன்று ஆட்டத்தில் வந்தவை. தற்செயலாகவும் இருக்கலாம், எனக்கு நம்பிக்கை இல்லை.

ஜாக்சன் 1951-ல் இறந்துபோனார். செத்தவர்களுக்குத் தடை எதற்கு என்று 2025 மே மாதம்தான் அவர் பெயரைத் தடைப்பட்டியலில் இருந்து எடுத்தார்கள்.