லினக்ஸ் மடிக்கணினியின் கதை

லினக்ஸ் போட எந்த மடிக்கணினி வாங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு கம்பெனியின் பெயர்தான் பதிலாக வரும். ஆனால் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒன்றில் வயர்லெஸ் எடுக்கும், இன்னொன்றில் எடுக்காது என்பது லினக்ஸ்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். காரணம் மூடியில் ஒட்டியிருக்கும் பெயரில் இல்லை, உள்ளே இருக்கும் சில்லுகளில் இருக்கிறது. அந்தச் சில்லுகளின் ஆவணங்களை யார் கொடுத்தார்கள், யார் பூட்டி வைத்தார்கள் என்பதுதான் லினக்ஸ் மடிக்கணினியின் வரலாறே.

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் இயங்குதளத்தை அறிவித்தபோது அவர் மனதில் இருந்தது 386 ரகக் கணினி. மேசைக்கணினியில் ஒரு அட்டை ஒத்துவரவில்லை என்றால் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம். மடிக்கணினியில் அது நடக்காது. திரை, ஒலி, தொடுபலகை, பேட்டரி எல்லாம் தயாரித்தவர் வைத்தது வைத்தபடிதான். வாங்கிய பிறகு விழிப்பதைவிட வாங்கும் முன் பார்ப்பது அவசியமாகிவிட்டது.

முதல் பெரிய தலைவலி தூக்கம்! மூடியை மூடினால் கணினி தூங்க வேண்டும், திறந்தால் விழிக்க வேண்டும். லினக்ஸில் பல மடிக்கணினிகள் தூங்கின, விழிக்கவில்லை. இதன் வேர் 1996 டிசம்பரில் இருக்கிறது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற மின்சக்தி மேலாண்மைத் தரத்தை அப்போது வெளியிட்டன. இதன்படி மடிக்கணினி தயாரிப்பவர் பயாஸுக்குள் ஒரு சிறு நிரலை எழுதி வைப்பார். பேட்டரி எவ்வளவு இருக்கிறது, விசிறி எப்போது ஓட வேண்டும், எப்படித் தூங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இயங்குதளம் அதைப் படித்து நடந்துகொள்ளும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல தயாரிப்பாளர்கள் அதை விண்டோஸில் மட்டுமே சோதித்துப் பார்த்தார்கள். நிரலில் பிழை இருந்தாலும் விண்டோஸ் பொறுத்துக்கொண்டது, லினக்ஸ் தடுமாறியது. 2000களின் முற்பகுதியில் பயாஸில் இருந்த அந்த நிரலைப் பிரித்தெடுத்து, பிழை திருத்தி, மறுபடி தொகுத்து கெர்னலுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. ஒரு மூடியை மூடித் திறக்க இத்தனை பாடு!

1999 ஜனவரியில் பில் கேட்ஸ் எழுதிய ஒரு மின்னஞ்சல் பின்னாளில் அமெரிக்காவின் அயோவா மாநில வழக்கு ஒன்றில் சான்றாக வெளிவந்தது. நாம் உழைத்து உருவாக்கும் ஏசிபிஐயில் லினக்ஸும் உழைப்பின்றி நன்றாக ஓடிவிட்டால் என்ன செய்வது என்று அதில் அவர் கவலைப்பட்டிருந்தார். இதை வைத்து எல்லாமே சதி என்று சொல்வது மிகை. தயாரிப்பாளர்களின் அசட்டையே பெரும்பங்கு. பயாஸ் இயங்குதளத்தைப் பார்த்து "நீ விண்டோஸா?" என்று கேட்கும் ஒரு வழி ஏசிபிஐயில் உண்டு. லினக்ஸ் கெர்னல் "ஆம்" என்று பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. உண்மையைச் சொன்னால், சோதிக்கப்படாத பாதையில் பயாஸ் போய்விடுமே!

அடுத்தது வயர்லெஸ். 2003 மார்ச்சில் இன்டெல் தன் சென்ட்ரினோ மடிக்கணினிகளை வெளியிட்டபோது லினக்ஸுக்கு வயர்லெஸ் டிரைவர் இல்லை. 2004ல்தான் திறமூல டிரைவர் திட்டத்தைத் தொடங்கியது. பிராட்காம் அதையும் செய்யவில்லை. எனவே விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஓட்டும் என்டிஸ்ராப்பர் என்ற மாற்றுவழி பிறந்தது. வேலை நடந்தது. ஆனால் அந்த டிரைவரில் பிழை இருந்தால் கெர்னலே சாய்ந்துவிடும், மூலநிரல் இல்லாததால் யாராலும் திருத்தவும் முடியாது. இதற்கிடையில் தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு பிராட்காம் டிரைவரை ஆராய்ந்து சில்லு எப்படி வேலை செய்கிறது என்று ஆவணம் எழுதியது. இன்னொரு குழு அந்த ஆவணத்தை மட்டும் பார்த்துப் புதிதாக டிரைவர் எழுதியது. நகல் எடுத்தார்கள் என்று யாரும் வழக்குப் போடக் கூடாதல்லவா? அது 2006ல் லினக்ஸ் 2.6.17ல் சேர்ந்தது. அப்போதும் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரை விநியோகிக்க அனுமதி இல்லை. பயனரே விண்டோஸ் டிரைவரிலிருந்து வெட்டியெடுக்க வேண்டும். அதைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த ஃபர்ம்வேர் வேண்டும். கேபிளைத் தேடி ஓடியவர்கள் பலர். 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சில்லுகளுக்குத் திறமூல டிரைவரை வெளியிட்டது.

2007ல் காற்று மாறத் தொடங்கியது. மே மாதம் டெல் உபுண்டு நிறுவிய கணினிகளை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. அக்டோபரில் ஆசூஸின் ஏழு அங்குல ஈ பிசி லினக்ஸோடே வந்தது. கடையில் வாங்கி, திறந்து, அப்படியே பயன்படுத்தலாம் என்பதே அன்று புதுமை.

பிறகு என்விடியாவின் முறை. 2010ல் வந்த ஆப்டிமஸ் மடிக்கணினிகளில் இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் இருந்தன. தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி விண்டோஸுக்கு மட்டுமே கிடைத்தது. பம்பிள்பீ என்ற தன்னார்வத் திட்டம் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2011ல் அதன் நிறுவல் நிரலில் ஒரே ஒரு இடைவெளி தவறாக விழுந்து, சிலருடைய கணினியில் யூஎஸ்ஆர் என்ற முக்கியமான கோப்புறை முழுவதுமே அழிந்துபோனது தனிக்கதை.

வாங்குபவருக்கு நல்ல சோதனைக்கருவி 2000லேயே கிடைத்துவிட்டது. நாப்பிக்ஸ் என்ற குறுவட்டு, வன்தட்டில் எதையும் எழுதாமல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. இன்று அந்த இடத்தில் பென் டிரைவ். கடைக்காரர் அனுமதித்தால் அதிலிருந்து கணினியைத் துவக்கி, வயர்லெஸ், ஒலி, கேமரா எல்லாவற்றையும் பார்க்கலாம். மறக்காமல் ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை உள்ளே இருக்கும் சில்லுகளின் பெயரையும், கேட்டால் எண்ணையும் சொல்லிவிடும். இன்டெலின் எண் 8086, அதன் புகழ்பெற்ற பழைய சில்லின் பெயர்! ஏதாவது இயங்காவிட்டால் கெர்னலின் பதிவைப் படிப்பது முதல் வேலை. ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற வரி இருந்தால் நோய் பாதி தெரிந்துவிட்டது. மிகப் புதிய மாடலானால் புதிய கெர்னலே மருந்தாகவும் இருக்கலாம்.

தூக்கச் சிக்கல் மட்டும் வேறு உருவில் திரும்பி வந்தது. விண்டோஸ் புதுவகைத் தூக்கத்துக்கு மாறியதும், பழைய ஆழ்ந்த தூக்கத்தைத் தயாரிப்பாளர்கள் கைவிடத் தொடங்கினார்கள். 2018ல் லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை அது இல்லாமலே வந்தது. பையில் வைத்த கணினியின் பேட்டரி கரைவதாக லினக்ஸ் பயனர்கள் முறையிட்டார்கள். அதே ஆண்டு வந்த பயாஸ் மேம்படுத்தலில் லெனோவா அதைத் திருப்பிக் கொடுத்தது. அந்த பயாஸில் தூக்கத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று விண்டோஸ் 10, மற்றொன்று லினக்ஸ்.