திருத்தணி வீக்எண்ட்: லவ், காமெடி, டான்ஸ்... கடைசி ரயிலைக் கேட்டுட்டு பிளான் போடுங்க!

சென்னைக்காரங்களுக்கு வீக்எண்ட் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆரம்பிக்குது. திருத்தணிக்காரங்களுக்கு அது ரயில்வே டைம்டேபிளில் ஆரம்பிக்குது. தூரம் என்னவோ 85 கிலோமீட்டர் பக்கம்தான். ஆனால், சென்ட்ரலில் லோக்கல் ஏறினால் ஊர் வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிடும். அதிலும் பல லோக்கல்கள் அரக்கோணத்தோடு நின்றுவிடும். மிச்சமிருக்கும் 13 கிலோமீட்டரை ராத்திரியில் எப்படித் தாண்டுவது? உங்க டேட், காமெடி ஷோ, டான்ஸ் எல்லாத்தையும் முடிவு பண்றது இந்தக் கேள்விதான். அதனால வீடு திரும்புற நேரத்தை முதல்ல எழுதுங்க. அதிலிருந்து பின்னோக்கி பிளான் போடுங்க.

டேட்டிங்: ஊரோட முதல் லவ் ஸ்டோரி

காதலுக்கும் திருத்தணிக்கும் இருக்கிற சம்பந்தம் ஆப் வந்த பிறகு உண்டானது இல்லை. புராணப்படி தெய்வானையோடு முருகனுக்குக் கல்யாணம் நடந்தது திருப்பரங்குன்றத்தில். அது பெரியவங்க பார்த்து முடிச்சது. வள்ளியைக் கைப்பிடிச்ச ஊர் என்று சொல்லப்படுவது நம்ம தணிகை. இது லவ் மேரேஜ். தமிழ் இலக்கணம் இந்த வகைக் காதலுக்கு 'களவு' என்றே பேர் வெச்சிருக்கு. தினைப்புனம் காத்த பொண்ணை இம்ப்ரஸ் பண்ண வேடனா, வேங்கை மரமா, கிழவனா கெட்டப் மாத்தி மாத்தி வந்தார் முருகன். எதுவும் செட் ஆகாதப்போ அண்ணன் பிள்ளையார் யானையா வந்து உதவினார்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். அந்த கெட்டப் டெக்னிக் கடவுளுக்கு மட்டும்தான்! ஃபேக் ப்ரொஃபைல், வேண்டாம்னு சொன்ன பிறகும் பின்தொடர்றது எல்லாம் இன்னிக்கு குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு பெண்களைப் பின்தொடர்வதைப் பத்தித்தான் பேசுது.

சரி, எங்கே மீட் பண்றது? மலைக்கு 365 படிகள். வண்டியில் போக ரோடும் இருக்கு. ஆனால் படியில் ஏறுங்க. பாதி தூரத்தில் மூச்சு வாங்கும்போது யாராலும் பந்தா காட்ட முடியாது. ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும். ஒரே பிரச்னை, கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற சித்தப்பாவோட ஃப்ரெண்ட். சின்ன ஊரில் சிசிடிவி தேவையே இல்லை. அவர் கண்ணுக்குத் தப்பணும்னா பஸ் ஏறி நகரி, புத்தூர் பக்கம் ஆந்திராவுக்குள்ள போயிடலாம். கைலாசகோனா அருவி அந்தப் பக்கம்தான். கேங்கா போறதுக்கு செம இடம். முதல் மீட்டிங்குக்கு அவ்வளவு தனிமை வேண்டாம்.

சட்டம் தெரிஞ்சு வெச்சுக்கறதும் நல்லது. கல்யாணமாகாத இரண்டு மேஜர்கள் ஒரே ஹோட்டல் ரூமில் தங்குறதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லைன்னு 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. சித்தப்பாவோட ஃப்ரெண்டுகிட்ட இந்தத் தீர்ப்பு செல்லாது என்பது வேற விஷயம். எங்கே போறீங்க, யாரோட போறீங்கன்னு ஒரு ஃப்ரெண்டுக்காவது சொல்லிட்டு, லைவ் லொகேஷனை ஆன் பண்ணிடுங்க. போட்டோவை வெச்சு யாராவது மிரட்டினா ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. சாட்டை அழிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க. பெண்களுக்கான உதவி எண் 181. ரயிலில் பிரச்னைன்னா 139.

காமெடி: ஓப்பன் மைக்கும் கட்டியங்காரனும்

தமிழ் ஸ்டாண்ட்-அப்பை ஓடிடியில் பலருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அலெக்ஸாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' முக்கியமானது. அதை போனில் பார்த்துச் சிரிக்கிறது ஒரு ரகம். ஹாலில் நூறு பேரோடு சேர்ந்து சிரிக்கிறது வேற ரகம். நேர்ல பார்க்க சென்னைக்குத்தான் போகணும். ராத்திரி ஷோ திருத்தணிக்கு ஒத்துவராது. ஞாயிறு மதியம், சாயந்திரம் நடக்கிற ஷோவா தேடுங்க. ஓப்பன் மைக்னா புதுசா வர்றவங்க ஆளுக்குச் சில நிமிஷம் ட்ரை பண்ணுவாங்க. டிக்கெட் பெரும்பாலும் கம்மி. சில ஜோக் புஸ்ஸுன்னு போகும். அதுவும் ஒரு ஜாலிதான். முதல் வரிசையில் ஜோடியா மட்டும் உட்காராதீங்க, அன்னிக்கு கன்டென்ட்டே நீங்கதான்!

ஆனால் மைக் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தப் பக்கத்து ஊர்களில் ஸ்டாண்ட்-அப் இருந்திருக்கு. தெருக்கூத்தில் வர்ற கட்டியங்காரனைப் பார்த்திருக்கீங்களா? ராஜா கம்பீரமா வந்து நின்னதும், "யாருய்யா நீ?" என்கிற மாதிரி ஆரம்பிச்சு கலாய்ப்பார். கதை நடக்கிறது மகாபாரதத்தில், ஜோக் அடிக்கிறது நேத்து நடந்த விஷயத்தைப் பத்தி. எதிரே உட்கார்ந்திருக்கிற பெருசுகளும் தப்ப முடியாது. வெயில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய கூத்து நடக்கும். டிக்கெட் கிடையாது, ஒரு பாயும் போர்வையும் போதும்.

இதில் இன்னொரு சமாச்சாரமும் இருக்கு. அண்ணன் செகண்ட் ஷோ பார்த்துட்டு வந்தால் யாரும் கேட்கிறதில்லை. அதே வீட்டுப் பொண்ணு எட்டு மணிக்கு மேல ஆச்சுன்னா பத்து மிஸ்டு கால் வரும். கூத்து நடக்கிற ராத்திரியில் மட்டும் அந்தக் கணக்கு கொஞ்சம் மாறுது. அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கான்னு எல்லாரும் தெருவில் இருப்பாங்க. தோழிகளோடு விடியற வரைக்கும் உட்கார்ந்து சத்தமா சிரிக்கலாம். கோயில் இல்லாத சாதா சனிக்கிழமைக்கு அந்த பர்மிஷன் ஏன் கிடைக்கிறதில்லைன்னு வீட்டில் ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்.

டான்ஸ்: காலையில் சென்னை, ராத்திரியில் தணிகை

கிளப் ஆசை இருந்தால் இரண்டு விஷயம். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயசு ஆகியிருக்கணும். அப்புறம், ராத்திரி தங்க இடம் உறுதியாகாமல் கிளம்பாதீங்க. அதைவிட நம்ம ஊருக்கு செட் ஆகிறது 'ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்'. ஞாயிறு காலையில் ரோட்டை மூடிட்டு பாட்டு போட்டு ஆடவிடுவாங்க. எல்லா வாரமும் இருக்காது, இடமும் மாறும். அறிவிப்பைப் பார்த்துட்டு கிளம்புங்க. அண்ணா நகர்னா சென்ட்ரல் வரைக்கும் போகத் தேவையில்லை, வில்லிவாக்கத்தில் நிற்கிற ரயிலாப் பார்த்து ஏறுங்க. மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிடலாம். கேள்வி கேட்க யாருக்கும் சான்ஸ் இல்லை.

ஊருக்குள்ளேயே ஆடணும்னா ஆடிக் கிருத்திகை வரைக்கும் காத்திருங்க. ஜூலை-ஆகஸ்ட்டில் வரும். புஷ்பக் காவடிகளும் மேளமும் மலையை நோக்கிப் போகும்போது கால் தானா தாளம் போடும். காவடி எடுக்கிறவங்களுக்கு அது வேண்டுதல். ரீல்ஸுக்காக அவங்க வழியில் குறுக்கே நிற்காதீங்க. கூட்டத்தில் நெட்வொர்க் காலை வாரிடும், பிரிஞ்சா எங்கே சேர்றதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க.

அப்புறம் டிசம்பர் 31. வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்து புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் பழக்கம் இருந்த காலத்தில், அதுக்குப் பதிலா முருகனைப் பார்க்க வாங்கன்னு வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்ததுதான் திருப்படித் திருவிழா. 365 படிகளுக்கும் பூஜை, படிக்குப் படி திருப்புகழ். சென்னையில் ஆயிரக்கணக்கில் டிக்கெட் விக்கிற நியூ இயர் ராத்திரியை, ஃப்ரெண்ட்ஸோடு இங்கே பைசா செலவில்லாமல் கொண்டாடலாம். கூட்டம் எகிறும், இருட்டுறதுக்கு முன்னாடியே அடிவாரத்துக்கு வந்துடுங்க. மேலே பனிக்காற்று அடிக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.